பாக்கி கொடுப்பவர் கேட்கக் கூடாத கேள்வி

அமெரிக்காவில் சிகாகோவை ஒட்டியுள்ள எவன்ஸ்டன் நகரம், வீட்டு விஷயத்தில் முன்பு நடந்த பாகுபாட்டுக்காகத் தன் கறுப்பினக் குடிமக்களுக்கு இழப்பீடு கொடுக்கும் விஷயம் எங்கள் தமிழ்க் குடும்பங்கள் கூடும் இடத்தில் பேச்சில் வந்தால், சுற்றிச் சுற்றி ஒரே கேள்வியில்தான் போய் நிற்கும். "ஏம்மா, நாம இந்த நாட்டுக்கு வந்ததே 2000க்கு அப்புறம். யாரோ யாருக்கோ எப்பவோ செஞ்சதுக்கு நாம எதுக்குக் காசு குடுக்கணும்?" என்று அண்ணா கேட்பார். நான் அண்ணா என்று கூப்பிடும் இந்த மனிதர் நல்லவர். புதிதாக வந்து இறங்கும் பிள்ளைகளைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு போய் வாடகைக்கு வீடு பார்த்துக் கொடுப்பவர். யார் வீட்டில் குழந்தை பிறந்தாலும் முதலில் சாப்பாடு கொண்டு வந்து நிற்பது அவர் வீட்டு அண்ணிதான். அப்படிப்பட்டவர் கேட்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு போக முடியாது. அதுவும் இடஒதுக்கீட்டைப் பற்றி ஊரில் இதே கேள்வியை எத்தனை திண்ணைகளில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். எனக்கு அந்தக் கேள்வி பழக்கமானது. பதில்தான் ஒவ்வொரு ஊருக்கும் வேறாக இருக்கிறது.

முதலில் காசுக் கணக்கு. 2019 நவம்பரில் எவன்ஸ்டன் நகரமன்றம் இழப்பீட்டு நிதியை உண்டாக்கியபோது அதற்கென்று ஒதுக்கியது கஞ்சா விற்பனையிலிருந்து நகரத்துக்கு வரும் 3 சதவீத வரி. இலினாய் மாநிலத்தில் 2020 ஜனவரி 1 முதல் கஞ்சா விற்பனை சட்டப்படி செல்லும் என்று ஆகியிருந்தது. 1 கோடி டாலர் சேரும்வரை அந்த வரி இதற்கே போகும் என்பது தீர்மானம். ஏன் கஞ்சா வரி என்பதற்கும் காரணம் உண்டு. நகரத்தின் மக்கள்தொகையில் கறுப்பினத்தவர் ஆறில் ஒரு பங்கு. அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் கஞ்சா வைத்திருந்ததாகக் கைதானவர்களில் சுமார் 70 சதவீதம் பேர் அவர்கள். எந்தச் சரக்கை வைத்திருந்ததற்காக அவர்களைப் பிடித்து உள்ளே வைத்தார்களோ, அதே சரக்கைக் கடையில் அடுக்கி விற்று வருகிற வரியை அவர்களுக்குக் கொடுப்பது நியாயம் என்று அப்போதைய ஐந்தாம் வார்டு உறுப்பினர் ராபின் ரூ சிம்மன்ஸ் வாதாடினார். அண்ணாவின் வீட்டு வரியிலிருந்து இதற்கென்று ஒரு பங்கும் ஒதுக்கவில்லை.

இதைச் சொன்னதும் அவர் அடங்கிவிடவில்லை. "காசு என்னுதா இல்லையான்னு நான் கேக்கல, நியாயம் என்னன்னு கேக்கறேன்" என்றார். சரி, நியாயத்தையே பேசுவோம். இந்தியர்கள் இங்கே பெருவாரியாக வர வழிவிட்ட குடிவரவுச் சட்டம் 1965இல் வந்தது. அதற்கு முன் ஆண்டுக்கு நூறு இந்தியர்கள் என்று ஒரு வரம்பு இருந்த நாடு இது. 1964இல் இனப் பாகுபாட்டைத் தடைசெய்த குடிமை உரிமைகள் சட்டம், 1965இல் வாக்குரிமைச் சட்டம், அதே ஆண்டு அக்டோபரில் குடிவரவுச் சட்டம். மூன்றும் ஒரே காற்றில் வந்தவை. அந்தக் காற்றைக் கிளப்ப நாயைவிட்டுக் கடிக்கவைத்தபோதும், தண்ணீர்க் குழாயால் பீய்ச்சி அடித்தபோதும் உரிமை கேட்டுத் தெருவில் நின்றவர்கள் கறுப்பினத்தவர் என்று நமக்குத் தெரியும். அவர்கள் திறந்த கதவு வழியாக உள்ளே வந்துவிட்டு, அவர்கள் வீட்டுப் பாக்கியைப் பற்றிப் பேச்செடுத்தால் நமக்குச் சம்பந்தமில்லை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. இதை அவரிடம் சொன்னேன். அவர் யோசித்தார். ஒப்புக்கொண்டார் என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அவருக்குப் பதில் சொல்ல அல்ல. இந்தத் திட்டம் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இருந்ததில்லை. அது கொடுக்கப்பட்ட விதத்தில்தான் நெடுநாள் ஒரு முள் உறுத்திக்கொண்டே இருந்தது. அந்த முள்ளை எடுத்தது நகரத்தின் தன்னார்வக் குழுவொன்று. சம்பளமில்லாமல் மாதம் ஒருமுறை கூடும் ஒரு குழு. அது எப்படி நடந்தது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

கால்வாய்க்கும் தண்டவாளத்துக்கும் நடுவே

சிகாகோவின் வடக்கு எல்லையைத் தாண்டினால் எவன்ஸ்டன். மிச்சிகன் ஏரிக்கரை, நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம், பெரிய மரங்கள், சுமார் 78,000 பேர். முற்போக்கான ஊர் என்று பெயர். ஏரியை விட்டு மேற்கே போனால் ரயில் தண்டவாளம், அதையும் தாண்டிப் போனால் கால்வாய். இரண்டுக்கும் நடுவில் முக்கோணமாகக் கிடக்கும் பகுதிதான் ஐந்தாம் வார்டு. 1940இல் எவன்ஸ்டனின் கறுப்பினக் குடும்பங்களில் 80 சதவீதத்துக்கும் மேல் இந்த முக்கோணத்துக்குள் இருந்தன. தாமாக விரும்பித் திரண்டவர்கள் அல்ல. வேறு இடத்தில் வீடு விற்பதில்லை என்று தரகர்கள் முடிவு செய்திருந்தார்கள், கடன் கொடுப்பதில்லை என்று வங்கிகள். கூட்டாட்சி அரசின் வீட்டுக்கடன் நிறுவனம் வரைந்த வரைபடத்தில் அந்தப் பகுதி சிவப்பு. சிவப்பு என்றால் அங்கே கடன் கொடுப்பது ஆபத்து என்று பொருள்.

நான் வீட்டுக்கடன் துறையில் வேலை பார்க்கிறவள். ஆகவே இது எனக்கு வெறும் சரித்திரமாகப் படவில்லை. ஒரு மனு என் மேசைக்கு வந்தால் நான் பார்ப்பது வருமானம், கடன் வரலாறு, கையிருப்பு, வீட்டின் மதிப்பு. அந்தக் கையிருப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்டு ஒரு கடிதம் வாங்குவோம். பாதிக்கு மேல் இளம் தம்பதிகளின் கடிதத்தில் "அப்பா கொடுத்தார்", "பாட்டி வீட்டை விற்ற பணம்" என்றுதான் இருக்கும். பாட்டிக்கு 1950இல் கடன் கிடைத்திருந்தால் பேத்திக்கு இன்று டவுன் பேமென்ட், அதாவது வீடு வாங்கக் கையிலிருந்து முதலில் கட்டும் பணம், இருக்கிறது. அன்று கிடைக்கவில்லை என்றால் இன்றும் இல்லை. இந்தத் துறையில் இருப்பவர்கள் தினமும் பார்க்கும் சாதாரண விஷயம் இது. நாங்கள் அந்த வரியைப் படித்துவிட்டு முத்திரை குத்திவிட்டு அடுத்த ஃபைலுக்குப் போய்விடுவோம்.

ஐந்தாம் வார்டின் கதையில் எனக்கு மறக்கவே முடியாதது, வீடுகளையே இடம் பெயர்த்த சங்கதி. ஊரின் மற்ற பகுதிகளில் கறுப்பினக் குடும்பங்கள் முன்பே சொந்தமாகக் கட்டி வாழ்ந்த வீடுகள் இருந்தன. 1921இல் நகரம் மண்டல விதிகளைக் கொண்டு வந்த பிறகு, அந்த இடங்கள் கடைத்தெரு என்றும் வேறு உபயோகம் என்றும் குறிக்கப்பட்டன. வீடுகளில் சிலவற்றை அடித்தளத்திலிருந்து பெயர்த்து, சக்கரத்தில் ஏற்றி, தெருத்தெருவாக இழுத்துக்கொண்டு போய் மேற்கே அந்த முக்கோணத்தில் இறக்கினார்கள். ஒரு குடும்பத்தை வெளியேற்றுவது நாம் கேள்விப்பட்டதுதான். கூரை, சுவர், ஜன்னல் எல்லாவற்றோடும் தூக்கிக்கொண்டு போய் வேறு இடத்தில் வைப்பதற்கு எவ்வளவு ஆள், எவ்வளவு செலவு, எத்தனை அனுமதிச் சீட்டு வேண்டியிருந்திருக்கும்! இதெல்லாம் தானாக நடந்த வழக்கம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. யாரோ ஒருவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

மருத்துவமனை கதையும் அப்படித்தான். ஊர் மருத்துவமனைகள் கறுப்பின நோயாளிகளைச் சேர்க்காததால், 1914இல் டாக்டர் இசபெல்லா கார்னெட்டும் அவர் கணவர் ஆர்தர் பட்லரும் தங்கள் வீட்டிலேயே ஒரு சிகிச்சை நிலையத்தைத் திறந்தார்கள். இலினாயில் மருத்துவம் பார்த்த முதல் கறுப்பினப் பெண் மருத்துவர்களில் ஒருவர் அவர். பள்ளிக்கூடக் கதை இன்னும் கிட்டத்தில் நடந்தது. 1967இல் பள்ளிகளில் இனப் பிரிவினையை ஒழிக்கிறோம் என்று நல்லெண்ணத்தோடு கிளம்பினார்கள். ஐந்தாம் வார்டின் ஃபாஸ்டர் பள்ளி அக்கம்பக்கத்துப் பிள்ளைகளின் பள்ளியாக இல்லாமல் போனது, பிறகு மூடியே விட்டார்கள். அந்த வார்டுப் பிள்ளைகள் அரை நூற்றாண்டு காலம் பஸ் ஏறி வேறு வார்டுகளுக்குப் போய்ப் படித்தார்கள். சமத்துவத்துக்கான செலவையும் அவர்கள்தான் சுமந்தார்கள்.

ஊர் தன்னைத் தானே கேட்ட கேள்வி

2019இல் சிம்மன்ஸ் தன் யோசனையை நகரமன்றத்தின் முன் நேராகத் தூக்கிப் போடாமல், முதலில் ஈக்விட்டி அண்ட் எம்பவர்மென்ட் கமிஷன் என்ற குழுவிடம் கொண்டு போனார். மேயர் நியமிக்கும் குடிமக்கள் குழு அது. ஆசிரியர், ஓய்வுபெற்றவர், தேவாலயத்தில் பொறுப்பில் இருப்பவர் என்று நம் தெருவில் பார்க்கிற மாதிரியான மனிதர்கள். சம்பளம் கிடையாது. வேலை முடிந்து சாயங்காலம் வந்து உட்கார்ந்து, நிகழ்ச்சி நிரலைப் பிரித்து, போன கூட்டத்தின் குறிப்பை ஒப்புக்கொண்டு, பிறகுதான் விஷயத்துக்கு வருவார்கள். அந்த ஜூலையில் பொதுமக்களைக் கூப்பிட்டு, இழப்பீடு என்றால் உங்களுக்கு எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டார்கள். வந்த யோசனைகளில் வீடு சம்பந்தப்பட்டவைதான் மேலே நின்றன.

அது ஏன் என்பதும் புரியக்கூடியதே. 2000இல் எவன்ஸ்டனில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இருந்த கறுப்பினத்தவர் 2020க்குள் 16 சதவீதம் அளவுக்குக் குறைந்துவிட்டார்கள். அடித்து விரட்டியபோதும் போகாமல் தாக்குப்பிடித்த குடும்பங்கள் வீட்டு வரியாலும் விலையேற்றத்தாலும் ஊரை விட்டுப் போய்க்கொண்டிருந்தன. இருப்பவர்களை ஊரிலேயே தங்கவைக்க வேண்டும் என்று குழு நினைத்தது.

இந்தக் குழுவிடம் எனக்குப் பிடித்தது அது எடுத்துக்கொண்ட கேள்வியின் அளவு. அடிமைமுறைக்கு ஈடு கட்டுவது எப்படி என்று அமெரிக்க காங்கிரஸ் படிக்க வேண்டும் என்று ஜான் கோன்யர்ஸ் 1989இல் ஒரு மசோதா கொண்டு வந்தார். எச்.ஆர். 40 என்று அதற்குப் பெயர். ஒவ்வொரு காங்கிரசிலும் திரும்பத் திரும்பக் கொண்டு வருகிறார்கள். படிப்பதற்கு ஒரு குழு அமைக்கச் சொல்லும் மசோதாவே இத்தனை ஆண்டுகளாக நிறைவேறவில்லை. எவன்ஸ்டன்காரர்கள் அந்தப் பெருங்கடலில் இறங்கவில்லை. நம் நகராட்சி என்ன செய்தது? எந்த ஆண்டு, எந்த விதியால், எந்தத் தெருவில் இருந்தவர்களுக்கு? அவ்வளவுதான் கேட்டார்கள். ஷோர்ஃபிரண்ட் ஆவணக் காப்பகத்தை நிறுவிய டினோ ராபின்சனும் எவன்ஸ்டன் வரலாற்று மையத்தின் ஜென்னி தாம்சனும் நகரத்தின் பழைய காகிதங்களைக் கிளறி ஒரு அறிக்கை எழுதிக் கொடுத்தார்கள். அந்த வீடுகள் இழுத்துச் செல்லப்பட்ட கதை எல்லாம் அதில் இருக்கிறது. கேள்வியைச் சின்னதாக்கியதும் பதில் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது. 1919க்கும் 1969க்கும் நடுவில் பெரியவராக எவன்ஸ்டனில் வாழ்ந்த கறுப்பினத்தவர் முதல் வரிசை. அவர்களுக்கு 'முன்னோர்' பிரிவு என்று பெயர் வைத்தார்கள். அவர்களின் வாரிசுகள் அடுத்து. அதன் பிறகும் நகரத்தின் கொள்கையால் வீட்டு விஷயத்தில் பாகுபாட்டை அனுபவித்தவர்கள் அதற்கடுத்து.

பணம் யார் கைக்கு?

2021 மார்ச் 22 அன்று நகரமன்றம் 8க்கு 1 என்ற வாக்கில் முதல் திட்டத்தை நிறைவேற்றியது. ஒருவருக்கு 25,000 டாலர். முதல் தவணைக்கு மொத்தம் 4 லட்சம் டாலர், அதாவது 16 பேர். வீடு வாங்கலாம், இருக்கும் வீட்டைப் பழுது பார்க்கலாம், வீட்டுக்கடனை அடைக்கலாம். ஆனால் பணம் அவர்கள் கைக்கு வராது. கடன் கொடுத்த வங்கிக்கோ, வேலை செய்யும் ஒப்பந்தக்காரருக்கோ நகரம் நேரடியாகக் கட்டிவிடும்.

எனக்கு உறுத்திய முள் இதுதான்.

எதிர்த்து வாக்களித்த அந்த ஒருவர் சிசிலி ஃபிளெமிங். அவரும் கறுப்பினப் பெண். இழப்பீட்டுக்கு நான் எதிரி அல்ல, ஆனால் இது வீட்டு வசதித் திட்டம், இழப்பீடு என்று பெயர் வைத்திருக்கிறீர்கள் என்றார் அவர். பாதிக்கப்பட்டவர்களுக்குத் தங்கள் பணத்தை என்ன செய்வது என்று தெரியாது என்கிற எண்ணம் இதற்குள் ஒளிந்திருக்கிறது என்பது அவர் வாதம். அப்போது அவருக்கு நல்ல பெயர் கிடைக்கவில்லை. நாடே திரும்பிப் பார்க்கும் நாளில் அபசகுனமாகப் பேசுகிறார் என்று நினைத்தவர்கள் உண்டு. அவர் சொன்னதில் ஒரு பகுதியை என் வேலையிலிருந்தே எனக்குச் சரிபார்க்க முடிந்தது. அன்று இவர்களுக்குக் கடன் இல்லை என்று கதவைச் சாத்தியது வங்கித் துறை. இன்று அதற்கு ஈடாக நகரம் கொடுக்கும் பணம் போய்ச் சேர்வதும் வங்கித் துறைக்கே. கடன் கொடுத்தவருக்குத் திருப்பிக் கொடுக்கப் போகிறவன், "எதுக்குச் செலவு பண்ணப் போறே, சொல்லு, நானே கடைக்காரனிடம் கட்டிவிடுகிறேன்" என்று சொன்னால் நம் ஊரில் அவனை என்ன கேட்பார்கள்? பாக்கி வேறு, தர்மம் வேறு. தர்மம் கொடுப்பவருக்கு நிபந்தனை போட ஏதோ கொஞ்சம் உரிமை இருக்கலாம். பாக்கி கொடுப்பவருக்கு அது கிடையாது.

குழுவின் பக்கத்திலும் காரணம் இருந்தது, அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. கையில் ரொக்கமாகக் கொடுத்தால் அது வருமானம் என்று கணக்காகி, வாங்கியவர் வரி கட்ட வேண்டி வரலாம் என்று நகரத்தின் சட்ட ஆலோசகர்கள் எச்சரித்திருந்தார்கள். இன்னொன்று, நிரூபிக்கப்பட்ட தீங்கு வீட்டு விஷயத்தில் நடந்தது, ஆகவே பரிகாரமும் வீட்டு விஷயத்தில் இருந்தால்தான் கோர்ட்டில் நிற்கும் என்ற பயம். பயம் நியாயமானது. ஆனாலும் 25,000 டாலர் என்பது இங்கே 5 லட்சம் டாலர் வீட்டின் விலையில் 5 சதவீதம்தான். எழுபது எண்பது வயதில் ஒருவர் அதை வைத்துப் புதிதாக வீடு வாங்கப் போவதில்லை. ஏற்கெனவே வீடு இருப்பவருக்குத்தான் அது சரிப்படும். வீடு வாங்க விடாததற்குப் பரிகாரம் என்று சொல்லிவிட்டு, வீடு வாங்காமலே போனவர்களை வெளியே நிறுத்தும் திட்டமாக அது ஆகிவிட்டது.

ஒரு பிளாஸ்டிக் ஃபைல்

எங்கள் தெருவின் கோடியில் முதியோர் குடியிருப்பு ஒன்று இருக்கிறது. அங்கே வாடகைக்கு இருக்கும் ஒரு அம்மையாரோடு எனக்கு நடைபழக்கத்தில் சினேகம். எண்பதைத் தாண்டியவர். பிறந்தது வளர்ந்தது எல்லாம் ஐந்தாம் வார்டில். விண்ணப்பம் போடத் தொடங்கிய நேரத்தில், நான் தினமும் காகிதங்களோடு மாரடிக்கிறவள் என்று தெரிந்து என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார். ஒரு கடல்நீல பிளாஸ்டிக் ஃபைல். ஒவ்வொரு காகிதத்தையும் தனித்தனி உறையில் போட்டு வைத்திருந்தார். பிறப்புச் சான்றிதழ். உயர்நிலைப் பள்ளி ஆண்டு மலரில் அவர் படம் வந்த பக்கத்தின் நகல். எபனேசர் ஏ.எம்.இ. தேவாலயத்தின் ஒரு விழா மலர், அதில் பாடகர் குழுவில் அவர் அம்மாவின் பெயர், பெயருக்குக் கீழே பழைய வீட்டு முகவரி. அப்பாவின் சம்பளச் சீட்டு ஒன்று, மடிப்பில் கிழிந்து, பின்பக்கம் செலோ டேப் ஒட்டி, டேப்பே பழுப்பாகியிருந்தது. "இது போதுமா?" என்று ஒவ்வொன்றையும் எடுத்து மேசையில் வைத்தார். அந்தக் காலத்தில் வாழ்ந்தேன் என்பதை அதே ஊருக்கு நிரூபிக்க வேண்டியிருக்கிறது. அதில் அவருக்குக் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. எனக்குத்தான் தொண்டை அடைத்தது.

எல்லாம் முடிந்த பிறகு ஃபைலை மூடிக்கொண்டே கேட்டார்: "குலுக்கலில் என் எண் வந்தால் நான் என்ன செய்வது? என்னிடம் வீடு இல்லையே." என்னிடம் பதில் இல்லை. டவுன் பேமென்டைப் பற்றி நான் என்ன சொன்னாலும் அது அவர் வயதுக்குப் பொருந்தாத பேச்சாகத்தான் இருந்திருக்கும்.

2022 ஜனவரியில் குலுக்கல் நடந்தது. 'முன்னோர்' பிரிவில் தகுதி பெற்றவர்கள் 122 பேர். பணம் 16 பேருக்குத்தான். எண் எழுதிய பந்துகளை ஒரு கூண்டில் போட்டுச் சுழற்றி ஒவ்வொன்றாக எடுத்தார்கள். வெளிப்படையாக நடத்த வேறு வழி இல்லை என்பது புரிகிறது. ஆனாலும் ஒரு பாக்கியை யாருக்கு முதலில் கொடுப்பது என்பதற்குப் பந்து உருட்டுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது கஷ்டமாக இருந்தது. எங்கள் அம்மையாரின் எண் வரவில்லை. கஞ்சா வரியும் எதிர்பார்த்த வேகத்தில் வரவில்லை, ஆரம்பத்தில் ஊரில் இருந்ததே ஒரு கடைதான். காத்திருந்த காலத்தில் பட்டியலில் இருந்தவர்களில் சிலர் காலமானார்கள்.

அந்த 16 பேரிலேயே வீடில்லாதவர்கள் இருந்தார்கள். ஒரு அண்ணனும் தங்கையும், இருவரும் முதியவர்கள், இருவரும் வாடகை வீட்டில். எண் வந்தும் பணத்தைத் தொட முடியாத நிலை. அவர்கள் குழுவிடம் முறையிட்டார்கள். இந்த இடத்தில்தான் எனக்கு அந்தத் தன்னார்வக் குழுவின் மேல் உண்மையான மரியாதை வந்தது. நான் சொல்வது முதலில் கூடிய கமிஷனை அல்ல, அப்போது இதற்கென்று தனியாக அமைந்திருந்த இழப்பீட்டுக் குழுவை. நகரமன்ற உறுப்பினர்கள் சிலரும் குடிமக்கள் சிலரும் சேர்ந்தது. மன்றப் பதவியை விட்டு விலகிய பிறகு சிம்மன்ஸ் அதற்குத் தலைமை வகித்தார். திட்டத்தை வடிவமைத்தவரே தலைவர். உலகம் முழுக்கப் பத்திரிகைகளில் படம் வந்த திட்டம். இதுவரை செய்ததே பெரிது, விதி விதிதான், அந்த இருவருக்கும் வருத்தம் தெரிவிக்கிறோம் என்று முடித்திருக்கலாம். நான் பார்த்த எந்த அலுவலகமும் அப்படித்தான் முடித்திருக்கும்.

இவர்கள் அதைத் திறந்து மறுபடி மேசையில் போட்டார்கள். வரி பற்றிய பயம் அப்படியேதான் இருந்தது. அதைப் பெறுபவர் தெரிந்துகொண்டு தானே முடிவு செய்யட்டும் என்ற இடத்துக்கு வந்தார்கள். முதலில் அந்த இருவருக்கும் ரொக்கமாகக் கொடுக்கலாம் என்று பேச்சு. அப்புறம், இருவருக்கு நியாயம் என்றால் மற்றவர்களுக்கு ஏன் இல்லை என்று கேள்வி பெரிதாகி, 2023 மார்ச்சில் நகரமன்றம் எல்லோருக்கும் நேரடிப் பணம் என்ற வழியையும் சேர்த்தது. வீட்டுக்கென்று வேண்டுமானால் முன்போல வாங்கலாம், ரொக்கமாக வேண்டுமானால் ரொக்கம். ஃபிளெமிங் இரண்டு ஆண்டுகளுக்கு முன் தனியாக நின்று சொன்னதில் பாதி இப்போது விதியாகிவிட்டது. இதை யாரும் தோல்வியாகப் பேசவில்லை. நானும் அப்படி நினைக்கவில்லை. சம்பளமில்லாமல் சாயங்காலத்தில் வந்து உட்காரும் குழுவால்தான் இதைச் செய்ய முடிந்தது என்பது என் எண்ணம். எதிரே மைக்கின் முன் நிற்பவர் அவர்களுக்கு மனு எண் அல்ல. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பார்ப்பவர், பேரனின் ஆட்டத்தில் பக்கத்து நாற்காலியில் உட்காருபவர். விதி பொருந்தவில்லை என்று அவர் சொன்னால் விதியைத்தான் பார்க்கத் தோன்றும்.

பணத்துக்கு இன்னொரு ஊற்றையும் கண்டுபிடித்தார்கள். வீடு கைமாறும்போது எவன்ஸ்டன் நகரம் ஒரு வரி வாங்குகிறது. 15 லட்சம் டாலருக்கு மேல் போகும் சொத்துக்கு ஆயிரத்துக்கு 7 டாலர், 50 லட்சத்துக்கு மேல் என்றால் 9 டாலர். அந்தப் பெரிய விற்பனைகளில் வரும் வரியிலிருந்து ஆண்டுக்கு 10 லட்சமாகப் பத்து ஆண்டுகள் இந்த நிதிக்குத் தருவதாக மன்றம் ஒப்புக்கொண்டது. ஆக மொத்தம் 2 கோடி. ஏரிக்கரையில் 20 லட்சத்துக்கு ஒரு வீடு விற்றால் 14,000 டாலர் வரி. வீட்டு விற்பனையை முடிக்கும் கணக்குப் பத்திரத்தில் இந்த வரி ஒரு தனி வரிசையாக வரும். வேலையில் அந்த வரிசையைப் பார்க்கும்போதெல்லாம் அந்த மேற்கு முக்கோணம் ஞாபகம் வருகிறது. யார் வாங்க முடியாமல் தடுக்கப்பட்டதால் அந்த ஏரிக்கரை அவ்வளவு மதிப்புக்கு ஏறியதோ, அவர்களுக்கு அங்கிருந்து கொஞ்சம் திரும்பிப் போகிறது. இந்த ஏற்பாடு எனக்குக் கஞ்சா வரியைவிடப் பொருத்தமாகப் படுகிறது.

வரிசை நகர்ந்து எங்கள் அம்மையாரின் முறையும் வந்தது. ரொக்கமாக வாங்கிக்கொண்டார். என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை.

வழக்கு

2024 மே மாதம் ஜுடிஷியல் வாட்ச் என்ற அமைப்பு ஆறு பேர் சார்பில் எவன்ஸ்டன் மேல் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. அந்த ஆறு பேரின் முன்னோரும் அதே காலத்தில் எவன்ஸ்டனில் வாழ்ந்தவர்கள், ஆனால் கறுப்பினத்தவர் அல்ல. இனத்தைத் தகுதியாக வைப்பது அரசியல் சட்டத்தின் 14ஆம் திருத்தம் தரும் சம உரிமைக்கு விரோதம் என்பது அவர்கள் கட்சி. அதற்கு மேல் ஒரு வாதம் வைத்தார்கள்: தனக்குப் பாகுபாடு நடந்தது என்று விண்ணப்பிப்பவர் ஒவ்வொருவரும் நிரூபிக்க வேண்டியதே இல்லை, அன்று கறுப்பினத்தவராக அங்கே வாழ்ந்திருந்தாலே போதும் என்று நகரம் வைத்திருக்கிறதே, அது எப்படிச் சரி? அடிமைகளாக இருந்தவர்களின் உரிமையைக் காக்க 1868இல் எழுதப்பட்ட திருத்தத்தை இப்படித் திருப்பிப் பிடிப்பதைப் படித்தபோது எனக்கு மனசு ஆறவில்லை.

சட்டம் என்ன சொல்லும் என்பதை நீதிபதிகள் பார்த்துக்கொள்ளட்டும். அந்த இரண்டாவது வாதத்துக்கு மட்டும் என்னிடம் ஒரு பதில் இருக்கிறது, கடன் மனுக்களைப் படித்துப் படித்து வந்த பதில். இன்றைக்கு நான் ஒரு மனுவை மறுத்தால் காரணத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். வருமானம் போதாது, பழைய கடன் பாக்கி இருக்கிறது என்று அந்த ஆளைப் பற்றி, அந்த ஆளுக்கே. அன்று சிவப்பு வரைபடத்தை வைத்துக்கொண்டு மறுத்தவர்கள் யாரையும் தனித்தனியாகப் பார்க்கவில்லை. அந்தத் தெருவில் நல்ல சம்பளக்காரர் இருந்தார், ஒரு தவணையும் தவறாதவர் இருந்தார், போரிலிருந்து திரும்பிய சிப்பாய் இருந்தார். அவர்கள் யாருடைய மனுவிலும் தனிக் காரணம் இல்லை. தோல் நிறமும் முகவரியும் போதும் என்று அன்று முடிவு செய்தது கடன் மறுத்தவர்கள்தான். அந்த அம்மையாரின் அப்பாவுடைய சம்பளச் சீட்டை யாராவது அன்று வாங்கிப் பார்த்திருந்தால், இன்று அதை நான் உறையில் போட்டு நகரத்துக்கு அனுப்ப வேண்டிய தேவையே வந்திருக்காது.